நிறமும் இனமும் பார்த்துத் துணை தேடலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் வரன் தகவல் நிலையம் நடத்துகிறேன். தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான், திருப்பத்தூர் பக்கத்துக் குடும்பங்கள் வருகின்றன. பிள்ளைகள் பாதிப் பேர் சிங்கப்பூர், மலேசியா, அமெரிக்கா என்று இருக்கிறார்கள். ஜாதகம், சம்பளம் எல்லாம் பேசி முடித்து எழுந்திருக்கும்போது, பெற்றோர் குரலைத் தாழ்த்தி நிறத்தைப் பற்றியும் இனத்தைப் பற்றியும் கேட்பார்கள். பிள்ளைகள் போனில் நேராகவே கேட்கிறார்கள்: "இப்படிப் பார்க்கிறது இனவெறிதானே?" இரண்டு தரப்பும் திரும்பத் திரும்பக் கேட்டதை, அவர்கள் கேட்ட மாதிரியே போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

எனக்குப் பிடிச்ச ஆளை நான் தேடிக்கிறேன். இதுல இனவெறி எங்கேருந்து வந்துச்சு?

ஒருவரைப் பார்த்துப் பிடித்துப்போவதில் இனவெறி எதுவும் இல்லை. பத்துப் பேரில் ஒருவரைப் பிடித்திருக்கிறது என்றால் மற்ற ஒன்பது பேருக்கு நீங்கள் அநியாயம் செய்துவிடவில்லை. ஒருவரைத் தேர்ந்துகொண்டு மற்றவர்களை விடுவதுதான் கல்யாணம்.

சிக்கல் அதற்கு முந்தைய படியில் இருக்கிறது. ஆளைப் பார்க்கும் முன்பே, குணம், படிப்பு, பேச்சு எதுவும் தெரியும் முன்பே, "அந்த இனத்தார் யாருமே வேண்டாம்" என்று கதவைச் சாத்துகிறோமே, அது விருப்பம் என்ற எல்லையைத் தாண்டி விதியாகிவிடுகிறது. அந்த விதி இனப் பாகுபாடுதான் என்பது என் உறுதியான கருத்து. விதியை வைத்திருப்பவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. யார் மேலும் கோபமில்லாமல், யாரையும் ஒரு சொல் திட்டாமல்கூட அதை வைத்திருக்கலாம். நான் பார்த்தவர்களில் அப்படிப்பட்டவர்கள்தான் அதிகம்.

இனம்னா எதைச் சொல்றீக? நிறமா, நாடா, சாதியா?

மனிதரை வெள்ளை, கருப்பு, மஞ்சள் என்று பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் பிறவியிலேயே ஒரு தரமும் புத்தியும் இருப்பதாகச் சொன்ன பழைய கணக்கைத்தான் இங்கே இனம் என்கிறேன். அந்தக் கணக்கு தப்பு. 1972-இல் ரிச்சர்ட் லெவொன்டின் என்ற மரபியலாளர் கணக்கிட்டுக் காட்டினார்: மனிதர்களுக்குள் உள்ள மரபணு வேறுபாட்டில் சுமார் 85 சதவீதம் ஒரே மக்கள் கூட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவே இருப்பது சிறு பங்குதான்.

நிறம் வெயிலின் வேலை. சூரியனின் புற ஊதாக் கதிர் அதிகம் விழும் இடங்களில் பல தலைமுறை வாழ்ந்தவர்களுக்குத் தோலில் மெலனின் கூடியது, அது உடம்பைக் காக்கிறது. வெயில் குறைந்த இடங்களில் வைட்டமின் டி கிடைக்கத் தோல் வெளுத்தது. அறிவுக்கும் குணத்துக்கும் இதில் ஒரு தொடர்பும் கிடையாது. ஒரே தாய் வயிற்றில் அண்ணன் கருப்பு, தம்பி மாநிறம் என்று நம் வீடுகளிலேயே பார்க்கிறோம். ஆனால் கணக்கு தப்பு என்பதால் அதன் விளைவு பொய்யாகிவிடாது. அதை நம்பி நடத்தியவர்களால் கோடிக்கணக்கானவர்கள் பட்ட பாடு நிஜம். சாதியைப் பற்றி நாலாவது கேள்வியில் சொல்கிறேன்.

பயோடேட்டாவுல "சிவந்த நிறம் வேண்டும்"னு ஒரு வரி போட்டா என்ன குடி முழுகிப்போகுது?

அந்த ஒரு வரியைப் படிப்பவர்கள் யார் என்று நினைத்துப் பாருங்கள். நீங்கள் வேண்டாம் என்று சொல்லப்போகும் பெண்ணும் படிக்கிறாள். அவளுடைய தங்கை படிக்கிறாள். மனதுக்குள் ஒரு விருப்பம் இருப்பது வேறு, அதை எழுதி வாட்ஸ்அப் குழுவில் போடுவது வேறு. எழுதிப் போட்டதும் அது ஊருக்கே சொன்ன தீர்ப்பாகிவிடுகிறது.

எங்கள் நிலையத்தின் பழைய படிவத்தில் நிறம் என்று ஒரு கட்டம் இருந்தது. ஒரு தகப்பனார் அதில் "கருப்பு" என்று எழுதினார். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒயிட்னர் கேட்டார். தடவி, அது காய்வதற்குள் மேலேயே "மாநிறம்" என்று எழுதினார். பேனா வழுக்கி எழுத்து கலங்கிவிட்டது. திரும்பவும் தடவி, ஊதி, இன்னொரு தரம் எழுதினார். மகள் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தாள். எம்.எஸ்ஸி. முடித்து வங்கியில் வேலை பார்க்கிற பெண். அவள் படிவத்தின் பக்கம் திரும்பவே இல்லை. அதற்குப்பின் அடித்த படிவங்களில் அந்தக் கட்டம் கிடையாது.

பெரிய இடங்களிலும் இது நடந்திருக்கிறது. 2020-இல் ஷாதி.காம் என்ற வரன் தேடும் தளம், பயனர்கள் எதிர்த்துக் கையெழுத்து திரட்டியதும், தோல் நிறத்தை வைத்துத் தேடும் வசதியை எடுத்தது. 1975 முதல் இந்தியாவில் விற்ற ஃபேர் அண்ட் லவ்லி அதே ஆண்டு க்ளோ அண்ட் லவ்லி என்று பெயர் மாறியது. பெயர் மாறியதோடு ஆசை மாறிவிட்டதா என்றால், இல்லை. ஆனால் ஒரு கட்டத்தை எடுத்துவிட்டால், அதை நிரப்பும் அவமானமாவது இல்லாமல் போகும்.

நகரத்தார்ல கோவில் பார்த்துத்தான் கட்டுறாக. மத்தவுகளும் சாதிக்குள்ளதான் செய்றாக. அப்ப எல்லாமே இனவெறியா?

இரண்டு வழக்கத்தைச் சேர்த்துக் கேட்கிறீர்கள், பிரித்துப் பார்க்கலாம். நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், ஒன்பது கோவில்களாகப் பிரிந்திருக்கிறார்கள்: இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி. ஒரே கோவில்காரர்கள் பங்காளிகள், அண்ணன் தங்கை முறை, அதனால் கட்டுவதில்லை. உட்பிரிவு உள்ள கோவில்களில் சில விலக்குகளும் உண்டு. இந்த விதியில் யாரும் யாருக்கும் தாழ்வில்லை. உறவு என்பதால் தவிர்க்கிறார்கள். இதில் ஒரு குறையும் இல்லை.

சாதிக்கு வெளியே வேண்டாம் என்பது அந்த ரகமில்லை. அங்கே மேலே, கீழே என்ற வரிசை உள்ளே உட்கார்ந்திருக்கிறது. அம்பேத்கர் 1916-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில், தங்களுக்குள்ளேயே மணந்துகொள்ளும் வழக்கம்தான் சாதியைத் தாங்கி நிற்கிறது என்று வாதிட்டார். சாதியும் இனமும் ஒன்றா என்பது 2001-இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நடந்த ஐ.நா. மாநாட்டில் பெரிய சண்டையானது. ஒன்றல்ல என்பது இந்திய அரசின் நிலை. தலித் அமைப்புகள் அதை மறுத்தன. தோற்றத்திலும் வரலாற்றிலும் இரண்டும் வேறு என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆளைப் பார்க்கும் முன்பே பிறப்பை வைத்துத் தள்ளுவது இரண்டிலும் ஒரே வேலை.

"நீங்களே சாதிவாரியாகத்தானே கோப்பு வைத்திருக்கிறீர்கள்" என்று அடுத்து கேட்பீர்கள். வருகிறவர்கள் கேட்பதால் வைத்திருக்கிறேன். சாதிக் கட்டத்தைக் காலியாக விடுகிறவர்களுக்கென்று தனிக் கோப்பும் இருக்கிறது. அது வருஷா வருஷம் தடிமனாகிறது. எனக்கு அதில் சந்தோஷம்தான்.

பையன் அமெரிக்காவுல இருக்கான். வெள்ளைக்காரப் பொண்ணுன்னாக்கூடச் சரிங்கிறோம். கருப்பினப் பொண்ணு மட்டும் வேணாம். இதுல என்ன தப்பு?

நான் அதிகமாகக் கேட்ட கேள்வி இதுதான். பெரும்பாலும் நல்ல மனிதர்கள் கேட்டது. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

"மொழி வேறு, சாப்பாடு வேறு, சாமி வேறு, ஒத்துவராது" என்று காரணம் சொல்வீர்கள். அந்தக் கவலை நியாயமானது. ஆனால் அயோவாவில் பிறந்த வெள்ளைப் பெண்ணுக்கும் அட்லாண்டாவில் பிறந்த கருப்பினப் பெண்ணுக்கும் தமிழ் ஒரே அளவுதான் தெரியாது. பணியாரமும் உக்காரையும் இருவருக்குமே புதுசு. ஒருத்திக்குச் சரி, மற்றவளுக்கு இல்லை என்றால், மொழியும் சாப்பாடும் காரணமில்லை என்று ஆகிவிடுகிறது. மிஞ்சுவது நிறமும் அதன்மேல் ஏற்றிவைத்த மதிப்பும்தான். இதை எந்த விருப்பத்துக்கும் உரைகல்லாக வைத்துக்கொள்ளலாம்: சொல்கிற காரணத்தை எல்லாருக்கும் ஒரே மாதிரி வைக்கிறோமா?

அந்த மதிப்பு எப்படி வந்தது என்றும் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் வெள்ளையரும் கருப்பினத்தவரும் மணப்பது 16 மாநிலங்களில் குற்றமாகவே இருந்தது. 1967 ஜூன் 12-இல் லவிங் தம்பதியின் வழக்கில்தான் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டங்களைச் செல்லாது என்றது. தென்னாப்பிரிக்காவில் 1949-இல் கொண்டுவந்த தடைச் சட்டம் 1985 வரை இருந்தது. இப்படிப்பட்ட சட்டங்களால் நம்மவர்களும் அடிபட்டார்கள். 1923-இல் பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபிக்கு, அவர் "வெள்ளையர் அல்ல" என்று சொல்லி அமெரிக்க உச்ச நீதிமன்றம் குடியுரிமையை மறுத்தது. கலிபோர்னியாவில் விவசாயம் பார்க்கப் போன பஞ்சாபி ஆண்கள் வெள்ளைப் பெண்களை மணக்க முடியாமல் மெக்சிகப் பெண்களை மணந்து குடும்பம் நடத்தினார்கள். நம்மைக் கீழே வைத்த அதே ஏணியைக் கையில் எடுத்துக்கொண்டு, இன்னொருவரை நமக்குக் கீழே வைக்கிறோம். எனக்கு மனசு ஆறாதது இதுதான்.

சட்டப்படி இது குற்றமா?

இல்லை. யாரை மணப்பது, யாரை மறுப்பது என்பது உங்கள் உரிமை. 2018-இல் ஹாதியா என்ற கேரளப் பெண்ணின் திருமண வழக்கில் நம் உச்ச நீதிமன்றம், வயது வந்தவர் தன் துணையைத் தானே தேர்ந்துகொள்வது அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் உரிமையின் பகுதி என்றது. பெற்றோர் கவனிக்க வேண்டியது: அந்த உரிமை மகனுக்கும் மகளுக்கும் உரியது, குடும்பத்துக்கு அல்ல.

வேறு மதத்தவரையோ வெளிநாட்டவரையோ மணப்பவர்களுக்கு 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. அயல்நாட்டில் இருந்தபடி அங்குள்ள இந்தியத் தூதரகம் மூலம் மணக்க 1969-ஆம் ஆண்டின் அயல்நாட்டுத் திருமணச் சட்டம் இருக்கிறது.

கண்ணுக்குப் பிடிக்கலைன்னா நான் என்னங்க செய்ய? ஆசையை மாத்த முடியுமா?

உத்தரவு போட்டு மாற்ற முடியாது. ஆனால் ஆசை தானாக முளைத்ததும் இல்லை. "கருப்பே அழகு, காந்தலே ருசி" என்று பழமொழி சொன்ன ஊரில்தான், குழந்தை பிறந்த அன்றைக்கு முதல் கேள்வியாக "யாரு மாதிரி, நிறமா?" என்று கேட்கிறோம். விளம்பரத்தில், சினிமாவில், நகைக்கடைப் பலகையில் வெளுத்த முகத்தையே பார்த்து வளர்ந்த கண் அதைத்தான் தேடும். பழக்கத்தில் வந்தது பழக்கத்தில் தளரும். வெளிநாட்டில் பல இனத்தாரோடு படித்து, வேலை பார்த்த பிள்ளைகளின் கண் மாறியிருப்பதை நான் நேரிலேயே பார்க்கிறேன்.

இன்னொன்று. நாம் சொல்வதும் செய்வதும் ஒன்றாக இருப்பதில்லை. அமெரிக்காவின் ஓகேகியூபிட் என்ற இணை தேடும் தளம் 2009-லும் 2014-லும் தன் தரவுகளை வெளியிட்டது. கருப்பினப் பெண்களுக்கும் ஆசிய ஆண்களுக்கும் மற்ற இனத்தவர் குறைந்த மதிப்பே கொடுத்திருந்தார்கள். அந்த ஆண்டுகளில் "எனக்கு இனம் முக்கியமில்லை" என்று சொன்னவர்கள் கூடினார்கள், கொடுத்த மதிப்பு மட்டும் மாறவில்லை. ஆகவே "எனக்கு அப்படி எதுவும் இல்லை" என்று சொல்வதோடு நிற்காமல், போட்டோக்களைத் தள்ளும்போது விரல் எங்கே வேகமாகப் போகிறது என்று கவனியுங்கள். ஒவ்வொரு பயோடேட்டாவையும் முதலில் போட்டோ இல்லாமல் படியுங்கள் என்று நான் சொல்வது வழக்கம். செய்தவர்கள் சிலர், முன்பு ஒதுக்கியதைத் திரும்பக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள்.

எனக்குக் கொரியப் பசங்களைத்தான் பிடிக்கும். நான் யாரையும் தாழ்த்தலையே, உயர்த்தித்தானே சொல்றேன்?

சீரியல் பார்த்துக் கொரிய மொழி கற்றுக்கொள்ளும் பெண்கள் காரைக்குடியிலேயே இருக்கிறார்கள், நல்ல விஷயம். ஆனால் முதல் பதிலில் சொன்னது இங்கேயும் பொருந்தும். ஆளைப் பார்க்கும் முன்பே இனத்துக்காக வேண்டாம் என்பதும், இனத்துக்காகவே வேண்டும் என்பதும், எதிரே நிற்கிற மனிதரைப் பார்க்கத் தவறுகின்றன. சீரியலில் வரும் நாயகனின் சாந்தமும் அக்கறையும் எல்லாக் கொரிய ஆண்களுக்கும் இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனால், அவருக்கும் கஷ்டம், உங்களுக்கும் கஷ்டம்.

நம் ஊருக்கு இது புதிதில்லை. ரங்கூன், மௌல்மீன், பினாங்கு, சைகோன் என்று நம்மவர்கள் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்ய, போன காலத்தில், அங்கே குடும்பம் வைத்துக்கொண்ட சிலரைப் பற்றிப் பெரியவர்கள் பேசுவதைச் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். பர்மாப் பெண்கள் இப்படி, அப்படி என்று வர்ணனை நீளும். அந்தப் பெண்ணின் பெயர் மட்டும் யார் வாயிலும் வராது. புகழ்ந்துதான் பேசினார்கள், ஆனாலும் அந்தப் புகழ்ச்சியில் ஒரு மனுஷிக்கு இடமே இல்லை.

நானே கருப்பு. சிவப்பான பொண்ணு கேட்டா நான் எப்படி இனவெறியனாவேன்?

ஆகலாம். அந்த மதிப்பீடு நம்மை நாமே பார்க்கும் கண்ணுக்குள்ளும் நுழைந்திருக்கிறது. கருப்பாக இருக்கும் பையன் "பிள்ளைகளாவது நிறமாகப் பிறக்கட்டும்" என்று சொல்லும்போது, தன்னைப் பற்றியும் ஒரு தீர்ப்பு சொல்கிறான். அதைக் கேட்க எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அப்ப பேரப்பிள்ளை கருப்பாப் பொறந்தா பரவாயில்லையா?

பரவாயில்லை. தோல் நிறத்தை ஒரு மரபணு தீர்மானிப்பதில்லை, பல சேர்ந்து தீர்மானிக்கின்றன. சிவந்த பெண்ணைக் கட்டினால் சிவந்த பிள்ளை என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. கர்ப்பிணிக்குக் கொடுக்கும் குங்குமப்பூப் பால் குழந்தையின் நிறத்தை மாற்றாது.

மூணு இடம் நிறத்தைச் சொல்லித் தட்டிப்போச்சு. என்னை வேணாம்னவுக எல்லாம் இனவெறியர்களா?

அம்மா, அவர்களை என்ன பெயர் சொல்லி அழைப்பது என்பதைவிட உங்களுக்கு நடந்ததுதான் முக்கியம். உங்களுக்கு நடந்தது அநியாயம். "அவரவர் விருப்பம்" என்று சொல்லி அதைச் சின்னதாக்க நான் தயாரில்லை. ஒருவர் மறுத்தால் விருப்பம் எனலாம். வருகிறவர்கள் எல்லாரும் ஒரே காரணத்தைச் சொல்லி மறுத்தால், அது ஊரே சேர்ந்து வைத்த விதி.

எங்கள் பக்கம் நான் செய்வது ஒன்று உண்டு. மாப்பிள்ளை வீட்டார் நிறத்தைக் காரணம் சொன்னால் அதைப் பெண் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. வேண்டாம் என்றால் வேண்டாம், காரணம் உங்களோடு இருக்கட்டும் என்று அவர்களிடமே சொல்லிவிடுகிறேன். நீங்களும் போட்டோவை ஸ்டுடியோவில் வெளுக்க விடாதீர்கள். உள்ளபடியே அனுப்புங்கள். அதைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள், பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

அப்ப நான் நல்லவன்னு காட்டக் கருப்பினத்தவரைத்தான் கட்டணுமா?

வேண்டவே வேண்டாம். யாரையும் மணக்கும் கடமை யாருக்கும் கிடையாது. நிரூபிப்பதற்காகக் கட்டிக்கொண்டால் அந்த மனிதருக்குச் செய்யும் துரோகம் அது. விதியை எடுத்துவிடுங்கள், போதும். அப்புறம் தமிழ் பேசும், நம் ஊர் பழகிய ஒருவரையே பிடித்துப்போய்க் கட்டிக்கொண்டால் அதில் ஒரு தப்பும் இல்லை.

மகள் நைஜீரியாக்காரரைக் கட்டிக்கிறேங்கிறா. வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றா. எப்படி நடந்துக்கிறது?

வேறு எந்த மாப்பிள்ளை வந்தாலும் என்ன கேட்பீர்களோ அதையே கேளுங்கள்: படிப்பு, வேலை, அப்பா அம்மா, கூடப் பிறந்தவர்கள், குடிப் பழக்கம் உண்டா, முன்பு கல்யாணம் ஆனதா. இந்த விசாரணை இனவெறி ஆகாது, பெற்றவர்களின் கடமை. அவர் வீட்டாரோடு வீடியோவில் பேசுங்கள். அவர்களுக்கும் உங்களைப் பற்றி இதே சந்தேகங்கள் இருக்கும். "அந்த நாட்டுக்காரங்க எல்லாம் மோசடி" என்று சித்தப்பா ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்துங்கள், அவர் வருவதற்கு முன்பே நிறுத்துவது இன்னும் நல்லது. 2017-இல் தில்லிக்குப் பக்கத்தில் கிரேட்டர் நொய்டாவில் நைஜீரிய மாணவர்களைக் கூட்டம் அடித்தது இப்படிப்பட்ட பேச்சு பரவித்தான். அப்பத்தா, ஐயாவிடம் போட்டோவை முன்கூட்டியே காட்டி, பெயரைச் சொல்லப் பழக்குங்கள். தெருவில் பிள்ளைகள் சூழ்ந்து செல்ஃபி கேட்பார்கள். அவருக்குச் சம்மதமா என்று கேட்டுவிட்டு விடுங்கள்.

கல்யாணத்தை இங்கே வைப்பதாக இருந்தால் மண்டபம் பிடிக்கும் முன் காகிதத்தைப் பாருங்கள். மேலே சொன்ன சிறப்புத் திருமணச் சட்டப்படி, இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் குறைந்தது 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். அறிவிப்புக் கொடுத்தபின் ஆட்சேபத்துக்கு இன்னும் 30 நாள். கொடுத்த அறிவிப்பு மூன்று மாதத்தில் காலாவதியாகிவிடும். அவருடைய பாஸ்போர்ட், விசா, மணமாகாதவர் என்பதற்கான சான்று எல்லாம் வேண்டும். அந்தச் சான்று தூதரகத்திலிருந்து வர நாளாகும், ஆகவே விண்ணப்பத்தை முதலில் போட்டுவிட்டு, முகூர்த்தத்தை அப்புறம் குறியுங்கள். பதிவு நாளில் மூன்று சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். சித்தப்பாவையும் அதில் ஒருவராகக் கூப்பிடுங்கள்.